பித்தளை சொருகு வச்ச பழைய பெட்டி ஒண்ணு கெடைச்சிருக்கு, மோட்டார் வைண்டிங் ஓம்ஸ் துல்லியமா பாக்க இது உதவுமா?

சேர்மாதேவி வைண்டிங்:

எல்லாருக்கும் வணக்கம். சேர்மாதேவில சின்னதா மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன், பதினாறு வருசமா இதான் பொழப்பு. இப்ப ஒரு மோட்டார் என்னைய தூங்க விடாம பண்ணுது அதான் இங்க கேக்குதேன். களக்காடு பக்கம் ஒரு வாழைத்தோட்டத்து போர்ல ஓடுத 10 எச்.பி சப்மெர்சிபிள், உள்ள தண்ணி நெறைச்சு ஓடுத டைப், மூணு வயர்தான் வெளிய வரும், உள்ள ஸ்டார் கட்டியிருக்கு, அதாவது மூணு காயிலோட ஒவ்வொரு முனையும் உள்ள ஒரே எடத்துல சேந்திருக்கு. நான் காயில் கட்டிக் குடுத்து நாலு மாசத்துல திரும்பி வந்துச்சு. கழட்டிப் பாத்தா காயில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா வைண்டிங் வயரும் வெளிய வர்ற கேபிளும் சேருத எடத்துல ஒரு ஜாயிண்ட்ல டேப் கருகிப் போயிருந்துச்சு.

மூணு ஜாயிண்டையும் வெட்டி எறிஞ்சுட்டு புதுசா போட்டு டேப் சுத்தி முடிச்சாச்சு. ரெண்டு ஜாயிண்ட் நான் போட்டேன், ஒண்ணு கடைப் பையன் போட்டான். மெகர் வச்சுப் பாத்தா நல்லா காட்டுது. ஆனா மெகர் இன்சுலேஷனைத்தான சொல்லும், உள்ள ஜாயிண்ட் ஒழுங்கா புடிச்சிருக்கான்னு சொல்லாதுல்லா. மல்டிமீட்டர் வச்சா 2.0, 2.1, 2.1 காட்டுது, நுனியை இன்னும் அழுத்திப் புடிச்சா மூணும் 2.0 ஆகுது, மீட்டர் வயர் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே 0.3 காட்டுது, இத வச்சு நான் என்னத்த முடிவு பண்ண. திரும்பப் பிரிச்சுப் பாக்கலாம்னா டேப்பு சுத்தி தண்ணில ஊறப்போட்டு மெகர் பாக்க ஒரு நாள் போயிரும். இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா அந்தத் தோட்டக்காரர் மூஞ்சில முழிக்க முடியாது, மனுசன் வாழை குலை தள்ளுத நேரத்துல தண்ணி இல்லாம நின்னுருக்காரு.

போன வாரம் பாளையங்கோட்டைல ஒரு பழைய இரும்புக் கடைல தேக்குப் பெட்டி ஒண்ணு 900 ரூவாய்க்கு வாங்கினேன். மேல கறுப்புப் பலகை, அதுல வரிசையா பித்தளைக் கட்டி, நடுவுல நடுவுல பித்தளைச் சொருகு. மேல் வரிசைல 10, 100, 1000னு ரெண்டு தடவ போட்டிருக்கு, கீழ 1, 2, 2, 5ன்னு ஆரம்பிச்சு 5000 வரை போகுது. முன்னாடி அமுக்குத கீ ரெண்டு இருக்கு. இது ஓம்ஸ் பாக்குத பிரிட்ஜுன்னு கடைக்காரர் சொன்னாரு. இத வச்சு என் மோட்டார பாக்க முடியுமா, தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

லேப் அண்ணாச்சி:

தம்பி, அந்தப் பெட்டிய பத்திரமா வச்சுக்கோங்க. அதுக்குப் பேரு போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ். நான் 31 வருசம் ஒரு காலேஜ் பிசிக்ஸ் லேப்ல அட்டெண்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், என் கையால இந்த மாதிரி பெட்டி எத்தனையோ தொடச்சு வச்சிருக்கேன். பிரிட்டிஷ் தபால் துறை தந்தி லைன பாத்துக்கிட்ட காலத்துல கம்பில எங்க பழுதுன்னு கண்டுபுடிக்க லைன்காரங்க தூக்கிட்டுப் போறதுக்காக செஞ்ச பெட்டி, அதான் அந்தப் பேரு. உள்ள இருக்கது வீட்ஸ்டோன் பிரிட்ஜ்தான். வீட்ஸ்டோன் 1843-ல இத எல்லாருக்கும் தெரியப்படுத்துனாரு, ஆனா மொதல்ல யோசிச்சவரு சாமுவேல் ஹன்ட்டர் கிறிஸ்டி, 1833-ல. இது கிறிஸ்டியோடதுன்னு வீட்ஸ்டோனே ஒத்துக்கிட்டாரு, ஆனாலும் பேரு இவருக்குத்தான் ஒட்டிக்கிடுச்சு.

இப்ப தத்துவத்த சொல்லுதேன், ஒங்க ஊரு கன்னடியன் கால்வாயையே எடுத்துக்கோங்க. ஒரு மதகுல இருந்து ரெண்டு வாய்க்கா பிரிஞ்சு போயி கீழ ஒரே குளத்துல சேருதுன்னு வைங்க. ரெண்டு வாய்க்காலுக்கும் நடுவுல குறுக்க ஒரு சின்ன ஓடை வெட்டி அதுல ஒரு வேப்பெலைய போடுங்க. ரெண்டு பக்கமும் தண்ணி மட்டம் ஒண்ணா இருந்தா எலை அசையாம கெடக்கும், ஒரு பக்கம் ஒசந்தா மத்த பக்கம் ஓடும். மதகுல தண்ணி கூட வந்தாலும் கொறைய வந்தாலும் ரெண்டு வாய்க்காலும் சேந்துதான் ஏறி எறங்கும், அதனால எலை அங்கனயேதான் கெடக்கும். பிரிட்ஜும் அதேதான். பேட்டரி வோல்ட் 1.5 இருந்தா என்ன 1.3 இருந்தா என்ன, நடுவுல இருக்க மீட்டர் பூச்சியம் காட்டுத எடம் மாறவே மாறாது. அந்த மீட்டருக்கு அளக்கத் தெரிய வேண்டியதில்ல, பூச்சியமா இல்லையான்னு சொன்னாப் போதும். ஒங்க மல்டிமீட்டர் ஓம்ஸ்ல நிக்காம ஆடுதுன்னு சொன்னியள்ல, அந்தக் கவலை இங்க கெடையாது, ஏன்னா அளவு சொல்லுதது அந்தப் பெட்டிக்குள்ள இருக்க மாங்கனின் கம்பிச் சுருள், சூடு ஏறினாலும் எறங்கினாலும் அது ரொம்ப மாறாது, அதுக்காகவேதான் அந்த உலோகத்துல சுத்துதாவ.

செய்யுற முறை. மொதல்ல எல்லாச் சொருகையும் கழட்டி மெல்லிசு துணில ஸ்பிரிட் தொட்டுத் தொடைங்க, தயவுசெஞ்சு உப்புத்தாள் போட்டு தேய்ச்சிராதிய, அந்தச் சரிவு கெட்டுப்போனா பெட்டி போச்சு. சொருகும்போது அழுத்தி லேசா ஒரு திருகு திருகணும். இன்னொண்ணு, சொருகு உள்ள இருந்தா அந்த ரெசிஸ்டன்ஸ் கணக்குல இல்ல, வெளிய எடுத்தாத்தான் அது சேரும், புதுசா பாக்கவங்க எல்லாரும் இத தலைகீழாத்தான் நெனைப்பாங்க. மேல இருக்க ரெண்டு கூட்டத்துல ஒண்ணு பி, இன்னொண்ணு க்யூ. கீழ மொத்தமும் ஆர். க்யூ முடியுத எடத்துக்கும் ஆர் முடியுத எடத்துக்கும் நடுவுல ஒங்க மோட்டார் வயர். பி-ல 1000 எடுங்க, க்யூ-ல 10 எடுங்க. அப்ப மோட்டார் ஓம்ஸ் = ஆர் × க்யூ ÷ பி, அதாவது ஆர்-ல வர்ற நம்பர நூறால வகுத்தாப் போதும்.

இப்ப கவனமா கேளுங்க, புஸ்தகத்துல இருக்க மாதிரி அப்பிடியே கனெக்ஷன் குடுத்தா ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. புஸ்தகத்துல பேட்டரி பி-யோட அந்தக் கடைசிக்கும் க்யூ-வோட இந்தக் கடைசிக்கும் இருக்கும், அப்ப மோட்டார் வழியா 9 மில்லி ஆம்பியர் மாதிரிதான் போகும், ஆர்-ல ஒரு ஓம் மாத்தினா நடுவுல 0.1 மில்லிவோல்ட் கூட அசையாது, ஸ்கூல் கால்வனாமீட்டர்ல முள்ளு ஆடவே ஆடாது. அதனால பேட்டரியையும் மீட்டரையும் எடம் மாத்துங்க. பி-யும் க்யூ-வும் சேருத எடத்துல பேட்டரி ஒரு முனை, ஆரும் மோட்டாரும் சேருத எடத்துல இன்னொரு முனை. மீட்டர் மத்த ரெண்டு மூலைக்கு. பேலன்ஸ் ஆகுத நம்பர் அதேதான் வரும், ஆனா இப்ப மோட்டார்ல 130 மில்லி ஆம்பியர் கிட்ட போகுது, ஆர்-ல ஒரு ஓமுக்கு ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல அசையும், அதாவது பத்து மடங்குக்கு மேல கூர்மை. பெரிய ரெசிஸ்டன்ஸ் ரெண்டும் சேருத மூலைல இருந்து சின்னது ரெண்டும் சேருத மூலைக்கு மீட்டரப் போடணும்ங்கது பழைய விதி. ஒங்க மல்டிமீட்டரையே 200 மில்லிவோல்ட் ரேஞ்சுல வச்சு போட்டுருங்க, கால்வனாமீட்டர் தேட வேண்டாம். பேட்டரி ஒரு பெரிய டார்ச் செல் போதும், அதுக்கு மேல குடுத்து அந்த 10 ஓம் சுருளச் சூடாக்கிராதிய, கீயையும் பாக்குத நேரம் மட்டும் அமுக்குங்க.

அந்த ரெண்டு கீ எதுக்குன்னு கேட்டா அதுதான் ஒங்களுக்கு ரொம்ப முக்கியம். மோட்டார் காயில்ல இண்டக்டன்ஸ் இருக்கு, கரண்ட் விட்டதும் ஒடனே நெறைஞ்சிராது, அந்த நேரத்துல மீட்டர் சும்மா ஒதறும். அதனால பேட்டரி இருக்க கீய மொதல்ல அமுக்கி செத்த நேரம் விட்டு பொறவு மீட்டர் கீ. விடும்போது மீட்டர் மொதல்ல, பேட்டரி கடைசில. எடம் மாத்திக் குடுக்கதால எந்தக் கீ பேட்டரிக்குன்னு நல்லா பாத்து வச்சுக்கோங்க. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்னா இன்னும் ரொம்ப நேரம் காத்திருக்கணும், பேட்டரிய வெட்டும்போது கையில சுள்ளுன்னு அடிக்கவும் செய்யும்.

மூணாவது தசமத்துக்கு வழி இருக்கு. ஆர் 172-ல மீட்டர் ஒரு பக்கம் 0.7 காட்டுது, 173-ல மறுபக்கம் 0.4 காட்டுதுன்னு வைங்க, பூச்சியம் நடுவுல 172.6 கிட்ட இருக்கு, அப்ப 1.726 ஓம். அதுல இருந்து ஒங்க இணைப்பு வயரக் கழிக்கணும். 2.5 ஸ்கொயர் வயர் மீட்டருக்கு 7 மில்லி ஓம் இருக்கும், ரெண்டு மீட்டர் போட்டா 14 மில்லி ஓம் அதுக்கே போச்சு. நுனிகள ஒண்ணா முறுக்கி அதையும் இதே பெட்டில அளந்து கழிச்சிருங்க. மூணு ஜோடியும் பாருங்க. ஸ்டார்ல ஒவ்வொரு ஜோடிலயும் ரெண்டு ஃபேஸ் வரும், அதனால ஒரு ஜாயிண்ட் கெட்டா ரெண்டு ரீடிங் ஒசரும், ஒண்ணு மட்டும் தாழ நிக்கும். ஒசந்த ரெண்டுக்கும் பொதுவா எந்த ஃபேஸோ அதுதான் நீங்க தேடுதது.

டிப்ளமோ 2019:

அண்ணாச்சி சொன்னது சூப்பர், ஆனா பெட்டி இல்லாதவங்களுக்கும் ஒரு வழி இருக்குல்ல. மோட்டாரோட மூணு ஃபேஸ் வயருக்கும் ஆர், ஒய், பி-ன்னு பேரு வைங்க (பெட்டில சொன்ன பி, ஆர் வேற), பெஞ்ச் பவர் சப்ளைல கரண்ட் லிமிட்ட 1 ஆம்பியர்ல வச்சு ஆர் ஒய் ரெண்டு வயர்ல விடுங்க, மல்டிமீட்டர் நுனிய கிளிப் மேல வைக்காம மோட்டார் வயரோட செம்பு மேலயே வச்சு வோல்ட் பாருங்க, வர்ற வோல்ட்தான் ஓம்ஸ், கிளிப் லூஸா இருந்தாலும் சப்ளை வயர் மெல்லிசா இருந்தாலும் கணக்குல வராது. இதான் ஃபோர் வயர் முறை. இன்னொரு விசயம், கரண்ட் ஆர் ஒய்ல போகும்போது மீட்டர ஆர்-க்கும் பி-க்கும் வச்சுப் பாருங்க, பி-ல கரண்டே போகலல்ல அதனால அந்த வயர் ஸ்டார் பாயிண்ட்டயே வெளிய கொண்டு வந்து குடுத்த மாதிரி ஆயிரும், ஆர் ஃபேஸ் மட்டும் தனியா கெடைக்கும். அப்புறம் ஒய்-க்கும் பி-க்கும் வச்சா ஒய் தனியா. கூட்டல் கழித்தல் எதுவும் வேணாம். இதுக்குப் போய் அவ்வளவு சொருகு தொடைக்கணுமா?

லேப் அண்ணாச்சி:

தம்பி அந்த ஸ்டார் பாயிண்ட் யோசனை அருமை, எனக்கு மனசாரப் புடிச்சிருக்கு. மூணு ஃபேஸையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட இதே போதும், ஏன்னா மீட்டர்ல தப்பு இருந்தாலும் மூணுலயும் ஒரே தப்புதான் வரும். ஆனா சேர்மாதேவித் தம்பி நோட்டுல நம்பர் எழுதி வச்சு அடுத்த வருசம் அதே மோட்டார் வரும்போது சேத்துப் பாக்கணும்னா அங்க சப்ளையோட 1 ஆம்பியர் நெசமாவே 1 ஆம்பியரான்னும் மீட்டர் சொல்லுத வோல்ட் சரியான்னும் ரெண்டையும் நம்பணும். பெட்டில நம்ப வேண்டியது அந்த மாங்கனின் சுருள மட்டும்தான்.

ஒண்ணு சேத்துச் சொல்லிருதேன், ஒரு ஓமுக்குக் கீழ போயிட்டா என் பெட்டிக்கு வேலை இல்ல, சொருகு தொடுத எடத்தோட ரெசிஸ்டன்ஸே அளவ முழுங்கிரும். பெரிய மோட்டார், வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அப்பிடித்தான். அங்க நீங்க சொன்ன நாலு வயர் முறைதான் வழி. அதையே பிரிட்ஜா கட்டுனவரு வில்லியம் தாம்சன், பொறவு கெல்வின் பிரபுன்னு ஆனவரு. கெல்வின் டபுள் பிரிட்ஜ்ல ரெண்டாவதா ஒரு ஜோடி ரேஷியோ கை, அதாவது ஒங்க பெட்டில பி, க்யூ மாதிரி ரெண்டு ரெசிஸ்டன்ஸ் வச்சு நடுவுல இருக்க இணைப்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் கணக்குல இருந்தே அடிபட்டுப் போற மாதிரி பண்ணியிருப்பாரு.

கேபிள் ஜாயிண்டர்:

போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ்னு பாத்ததும் கண்ணு கலங்கிட்டு. நான் டெலிபோன் கேபிள் ஜாயிண்டரா திருநவேலி சுத்து வட்டாரம் பூரா குழிக்குள்ள எறங்கி வேலை பாத்தவன். அண்ணாச்சி சொன்ன மாதிரி அந்தப் பெட்டி பொறந்ததே எங்க வேலைக்குத்தான், அதனால அதயும் இங்க எழுதி வச்சிருதேன், இன்னைக்குப் பிள்ளைகளுக்கு மெஷின் ஒரு பட்டன்ல தூரத்தச் சொல்லிரும், ஆனா அதுல சில மெஷினுக்குள்ளயும் இந்தக் கணக்குதான் ஓடும்.

ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சா கேபிள்ல தண்ணி எறங்கும். அப்பம்லாம் காகிதம் சுத்தின கம்பி, மேல ஈயச் சட்டை. ஈயத்துல ஒரு கீறல் விழுந்தாப் போதும் காகிதம் நனைஞ்சு கம்பி பூமியோட ஒட்டிக்கிடும். 1200 மீட்டர் கேபிள், மேல ரோடு, எங்கன்னு தோண்ட? கெட்ட கம்பியோட ஒரு நல்ல கம்பிய அந்தக் கடைசில சேத்துக் கட்டிருவோம், அப்ப போயி வர 2400 மீட்டர் ஒரே வளையம். இந்தப் பக்கம் ரெண்டு முனையும் பெட்டில, பேட்டரியோட ஒரு முனை பூமில. இதுக்கு முர்ரே லூப்னு பேரு. நல்ல கம்பி பக்கம் 1000 வச்சுட்டு கெட்ட கம்பி பக்கம் ஆர் மாத்திக்கிட்டே வருவோம். ஒரு தடவ 391-ல முள்ளு நின்னுச்சு. 2400 பெருக்கல் 391, வகுத்தல் 1391, வந்தது 675 மீட்டர். அளந்து போயி தோண்டினோம், ஒண்ணரை அடி தள்ளி பழைய ஜாயிண்ட்ல ஈயம் வெடிச்சு உள்ள தண்ணி நின்னுச்சு. அன்னைக்கு கூட வேலை பாத்தவங்க மொகத்த இன்னும் மறக்கல.

இதுல அழகு என்னன்னா, அந்தப் பழுது எவ்வளவு ஓம்ஸ்னு நமக்குத் தெரிய வேண்டியதே இல்ல. மழை கூடினா பழுது ரெசிஸ்டன்ஸ் கொறையும், வெயிலடிச்சா கூடும், ஆனா அது பேட்டரி போற வழில இருக்கதால பேலன்ஸ தொடாது, முள்ளு ஆடுத வேகம் மட்டும் கொறையும். நல்ல கம்பியும் கெட்ட கம்பியும் ஒரே குழில கெடக்கதால சூடும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். நடுவுல எங்கயாவது கம்பி கனம் மாறியிருந்தா மட்டும் அந்தத் துண்ட ஒரே கனத்துக்கு மாத்திக் கணக்குப் பண்ணணும், அத மறந்து ஒரு நாள் பூரா தப்பான எடத்துல தோண்டுனதும் உண்டு.

சேர்மாதேவி வைண்டிங்:

அண்ணாச்சி, தம்பி, ஐயா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா சொன்னத எங்க வீட்ல ஒக்காந்து ரெண்டு தடவ வாசிச்சோம். சொருகு பூராத்தையும் நானும் பையனும் தொடச்சோம், எடம் மாத்தி கனெக்ஷன் குடுத்தேன், நெசமாவே மீட்டர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு மாறுது, அந்த எடத்தப் பாத்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோசத்த சொல்ல முடியாது. காலைல ஏழு மணிக்கு ஆர் ஒய் பாத்தேன், வயர் 0.014 கழிச்சு 1.712. அதுக்குள்ள அவசரமா ஒரு பார்ட்டி வந்து மிக்ஸி மோட்டாருக்கு நின்னாவ, பொறவு சாப்பிட்டுட்டு மத்தியானம் ரெண்டரைக்குத்தான் மத்த ரெண்டயும் பாத்தேன். ஒய் பி 1.842, பி ஆர் 1.841. அப்ப பி ஃபேஸ்ல 0.13 கூட இருக்கு, ஜாயிண்ட் அவ்வளவு மோசமாவா இருக்கும்? காயிலே தப்பா கட்டிட்டமோன்னு பயமா இருக்கு, டர்ன் எண்ணித்தான் கட்டினேன்.

தராசு சர்வீஸ்:

அண்ணே, பிரிச்சிராதீங்க. மோட்டார் எங்க இருந்துச்சு, தகர ஷெட்டுக்குக் கீழயா? காலைல ஏழுக்கும் மத்தியானம் ரெண்டரைக்கும் நடுவுல செம்பு சூடாயிருக்கும். நான் வாழைத்தார் மண்டி, பலசரக்குக் கடை எலக்ட்ரானிக் தராசெல்லாம் சர்வீஸ் பண்ணுதேன், எங்க வேலைல மொத எதிரியே இந்தச் சூடுதான். செம்பு ஒரு டிகிரிக்கு நூத்துக்கு 0.4 பக்கத்துல கூடும். பத்து டிகிரி ஏறினா 4 சதவீதம், ஒங்க 1.7-ல அதுவே 0.07. நீங்க தேடுத ஜாயிண்ட் தப்ப விட சூட்டுல வர்ற மாத்தம் பெருசு.

எங்க தராசுல இத எப்பிடி சமாளிக்காங்கன்னு சொல்லுதேன், அதுவும் இதே வீட்ஸ்டோன் பிரிட்ஜுதான். தட்டுக்குக் கீழ ஒரு அலுமினியக் கட்டை இருக்கும், லோடு செல். அதுல தாள் மாதிரி ஒட்டின ஸ்ட்ரெயின் கேஜ் நாலு, இழுத்தாலும் நசுக்கினாலும் ஓம்ஸ் மாறுத சமாச்சாரம், ஒவ்வொண்ணும் சாதாரணமா 350 ஓம். முழு எடை வச்சா அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், கேஜ் 0.7 ஓம் மாதிரி மாறும், அவ்வளவுதான். 50 கிலோ தராசு 5 கிராம் காட்டணும்னா அந்த 0.7-அ பத்தாயிரமாப் பிரிக்கணும், கிட்டத்தட்ட 70 மைக்ரோ ஓம். 350 ஓம்ல 70 மைக்ரோ ஓம் மாத்தத்த ஓம் மீட்டர் வச்சு எவனாலயும் பாக்க முடியாது. பிரிட்ஜ் என்ன பண்ணுதுன்னா அந்த 350-அ 350-ஓட அடிச்சுட்டு மிச்சத்த மட்டும் வெளிய குடுக்கு. 5 வோல்ட் குடுத்தா முழு எடைக்கு 10 மில்லிவோல்ட், 5 கிராமுக்கு 1 மைக்ரோவோல்ட். நாலு கேஜும் ஒரே கட்டைல ஒட்டியிருக்கதால சூடு ஏறினா நாலும் ஒண்ணா ஏறும், எதிரெதிரா அடிபட்டுப் போயிரும். ரெண்டு கேஜ் இழுபடுத எடத்துல ரெண்டு கேஜ் நசுங்குத எடத்துல வச்சிருப்பாங்க, அதனால எடை மட்டும் கூட்டிக்கிட்டு வரும், சூடு கழிஞ்சுக்கிடும். எனக்கு எத்தனை தராசு பிரிச்சாலும் இது அலுக்கவே மாட்டேங்குது.

ஒங்க பெட்டில சூடு அப்பிடி கழியாது, ஏன்னா ஒரு கைல செம்பு, மத்த மூணு கைலயும் மாங்கனின். அதனால மூணு ரீடிங்கையும் ஒரே நேரத்துல, விடியக்காலைல, மோட்டார் ராத்திரி பூரா நிழல்ல கெடந்த பொறவு எடுங்க.

லேப் அண்ணாச்சி:

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். கணக்கும் போட்டுப் பாத்துருவோம். செம்புக்கு டிகிரியோட 235 கூட்டுத விதி, அந்தக் கூட்டுத்தொகை ஏறுத அளவுக்குத்தான் ஓம்ஸும் ஏறும். காலைல 29 டிகிரின்னா 264, மத்தியானம் ஷெட்டுக்குள்ள 40-ன்னா 275. 1.842-அ 275-ல வகுத்து 264-ல பெருக்குங்க, 1.768. பி ஆரும் 1.767. அப்ப பி-ல 0.13 எல்லாம் இல்ல, 0.056 மாதிரிதான் கூட இருக்கணும். நீங்க டர்ன் தப்பா கட்டல தம்பி, ஒரு ஃபேஸ் கம்பில அந்த அளவுன்னா 6 சதவீதத்துக்கு மேல டர்ன் கூட இருக்கணும், எண்ணிக் கட்டுத ஆளுக்கு அவ்வளவு தப்பாது. ஜாயிண்ட்தான். 17 ஆம்பியர் ஓடும்போது 17 பெருக்கல் 17 பெருக்கல் 0.056, 16 வாட். சின்ன சால்டரிங் அயன் ஒண்ண டேப்புக்குள்ள வச்சு சுத்தி தண்ணிக்குள்ள எறக்குன மாதிரி. ராவும் பகலும் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுனா டேப்பு எத்தனை நாள் தாங்கும். ஆனா நாளைக்குக் காலைல மறுபடி மூணையும் எடுத்துட்டுத்தான் டேப்புல கத்தி வைக்கணும், என் கணக்க நம்பி வெட்டிராதிய.

டிப்ளமோ 2019:

அண்ணே காலைல எடுக்கும்போது நான் சொன்ன ஸ்டார் பாயிண்ட் வழிலயும் ஒரு தடவ பாத்து நம்பர் போடுங்க, ரெண்டும் ஒத்து வருதான்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

சேர்மாதேவி வைண்டிங்:

இன்னைக்கு விடியக்காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு மூணையும் அரை மணி நேரத்துக்குள்ள எடுத்தேன். ஆர் ஒய் 1.712, ஒய் பி 1.768, பி ஆர் 1.767. அண்ணாச்சி கணக்கு அச்சு மாதிரி. தம்பி, பக்கத்து மொபைல் கடைல சப்ளை வாங்கி ஒங்க வழிலயும் பாத்தேன், ஆர் 0.85, ஒய் 0.86, பி 0.91. எங்கிட்ட உள்ள மீட்டர் ரெண்டு தசமம்தான் காட்டுது ஆனா எந்த ஃபேஸுன்னு அதுவும் சரியாத்தான் சொல்லுது.

பி ஜாயிண்ட் டேப்ப பிரிச்சோம். மூணுல அது பையன் போட்டதில்ல, நான் போட்டது. கேபிள் நுனில இருந்த பழைய கறுப்ப ஒரு பக்கம் சரியா சொரண்டாம முறுக்கி அதுக்கு மேல ஈயம் வச்சிருக்கேன், பாக்க பளபளன்னு இருக்கு, ஈயம் மேல ஓடியிருக்கே தவிர உள்ள எறங்கல. பையன் போட்டதப் பிரிக்கவே இல்ல, அவனக் கூப்புட்டு ரீடிங்கைக் காட்டி ஒன் ஜாயிண்ட் நல்லா இருக்குடான்னு சொன்னேன். பொறவு பி-ய நல்லா சொரண்டி அவனையே கட்டச் சொன்னேன், நான் பக்கத்துல நின்னேன்.

ஜாயிண்ட் ஆறினப் பொறவு, ராத்திரி பூரா நிழல்ல போட்டு, மறுநாக் காலைல எடுத்தது ஆர் ஒய் 1.712, ஒய் பி 1.713, பி ஆர் 1.712. அன்னைக்கு 29 டிகிரின்னு சேத்து நோட்டுல எழுதிட்டேன், இனிமே கடைக்கு வர்ற மோட்டார் எல்லாத்துக்கும் மூணு நம்பரும் டிகிரியும் எழுதணும்னு பையன் கோடு போட்டு வச்சிருக்கான். டேப்பு சுத்தி தண்ணில ஊறுது, மெகர் பாத்துட்டு நாளன்னைக்கு போர்ல எறக்குதாவ. ஓட விட்டு டாங் டெஸ்டர் வச்சு மூணு வயர்லயும் ஆம்பியர் பாத்து இங்க போடுதேன். அண்ணாச்சி, 20 எச்.பி ஒண்ணு வந்து கெடக்கு, அது ஒரு ஓமுக்குக் கீழதான் வரும், அதுக்கு தம்பி வழியிலயே பாத்துக்கிடவா இல்ல கெல்வின் பிரிட்ஜ் எங்கயாவது பழசு கெடைக்குமா?